துவைக்க வேண்டாம் என்று வந்த சட்டை

அந்த வீட்டில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் அனுப்பிய துணிதான் அவர்களுக்குப் பெயர். "பச்சைத் துப்பட்டா மறுபடியும் கூப்பிட்டாங்க" என்பாள் ஊசி. "கம்பளிச் சட்டைத் தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார் அவள் கணவர். "பொம்மை போய்ச் சேர்ந்துடுச்சாம்ப்பா. பிரிச்சுப் பாத்துட்டு அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்லையாம்" என்று தட்டிலிருந்து தலை நிமிராமல் மகள் பதில் சொல்வாள்.

ஊசி என்பதும் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆள் மெலிவு, பேச்சு சுருக். கல்யாணமான புதிதில் கணவர் விளையாட்டாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் கையில் நிஜமாகவே ஊசி ஏறியபோது, ஏதோ முன்கூட்டியே தெரிந்து வைத்ததுபோல் அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவள் தைப்பது பழைய துணியில் பொம்மை. குழந்தைக்குச் சின்னதாகிப்போன கவுன், கடல் தாண்டிப் போன மகன் விட்டுப்போன பனியன், இறந்துபோனவர்களின் சட்டை என்று என்ன வந்தாலும் அதை வெட்டி, பஞ்சு அடைத்து, மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு கரடியோ முயலோ செய்து அனுப்புவாள். முதல் பொம்மை மகளின் மஞ்சள் கவுனில் செய்தது. அதைப் படம் பிடித்துப் போட்டாள். யாரோ ஒருவர் "எனக்கும் செய்து தருவீர்களா?" என்று கேட்டார். கடை அப்படித்தான் பிறந்தது. வாடகை இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, போர்டு இல்லை. கையில் இருக்கும் ஃபோன்தான் கடை.

அவள் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு நேர்மேலே தொங்குகிறது. அண்ணன் வரும்போதெல்லாம் அதையும் பார்ப்பான், கீழே கிடக்கும் துண்டுத் துணிகளையும் பார்ப்பான்.

"நம்மப்பா வயலை வித்து உன்னைப் படிக்க வெச்சது, ஊரான் கழட்டிப் போட்ட துணியைப் பொறுக்கவா?"

"பொறுக்கலைண்ணா. அவங்களே தபால் செலவு கொடுத்து அனுப்புறாங்க."

"இந்த வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

"அதையும் அந்தக் காலேஜ்லதான் கத்துக்கிட்டேன்" என்பாள். அண்ணன் சிரித்துவிடுவான். அவன் போனபிறகு அவள் சான்றிதழின் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைப்பாள். அதில் தூசி இருக்காது.

ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் மெஷினுக்கு உறை போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அவள் மகளுக்கு அம்மா, அவ்வளவுதான். அடுத்த நாள் காலைவரை எந்தக் கரடிக்கும் காது முளைக்காது. மகள் வாயாடி. வேனில் ஏறியது முதல் இறங்கியதுவரை நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். ஊசி அதைக் கேட்டபடியே காய் நறுக்குவாள். நடுநடுவே "அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" இல்லாவிட்டால் மகள் நிறுத்திவிடுவாள். கேட்கிறாளா இல்லையா என்று சோதனை.

அந்தக் கட்டுப்பாடு ஒரே நாளில் உடைந்துபோனது என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு பெண் தன் பொம்மையைக் கட்டிக்கொண்டு அழும் வீடியோவைப் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. அதன்பிறகு ஃபோன் 'டிங்' என்றுகொண்டே இருந்தது. முதலில், வேன் வந்தபிறகும் ஒரு தையலை மட்டும் முடித்துவிட்டு உறை போட்டாள். பிறகு ஒரு கையை முடித்துவிட்டு. பிறகு உறை எங்கே போனது என்றே தெரியவில்லை. கூரியர்க்காரத் தம்பி மாடி ஏறி ஏறிக் களைத்துப்போய், "அக்கா, உங்க வீட்டுக்கு வந்து வந்து என் வண்டி தானாவே இந்தத் தெருவுல திரும்புது" என்றான். முன்னறையில் பார்சல் நிறைந்தது. பஞ்சு மூட்டை படுக்கையறைக்குள் நுழைந்தது. சாப்பாட்டு மேசையில் கண் இல்லாத கரடிகள் உட்கார்ந்திருந்தன. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

"ஊர் ஜனத்தையெல்லாம் மேலயும் கீழயும் ஏத்தி இறக்குறேன்" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "என் வீடுதான் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ள மாட்டிக்கிட்டவங்க பெல் அடிச்சாலும் யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"கொஞ்சம் பொறுங்க. இந்த மாசம் தாண்டட்டும்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே."

அவர் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவரே பல நாள் பஞ்சு அடைத்துத் தந்திருக்கிறார். தடித்த விரல்கள், கரடியின் மூக்கை மட்டும் அவரிடம் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்த வேடிக்கைப் பேச்சில் சிரிப்பு வரவர மெலிந்துகொண்டே போனது அவள் காதில் விழத்தான் செய்தது. விழுந்தது என்பது வேறு, எழுந்து உறையைத் தேடுவது என்பது வேறு.

மகளுக்குப் பள்ளிச் சட்டை சின்னதாகிவிட்டது. வெள்ளைச் சட்டை. கையை உயர்த்தினால் அக்குளில் இழுத்துப் பிடித்தது.

"மா, டீச்சர் கேள்வி கேட்டா எனக்குப் பதில் தெரிஞ்சாக்கூட கை தூக்க முடியலமா."

"ஞாயித்துக்கிழமை புதுசு தச்சுத் தரேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"வர்ற ஞாயித்துக்கிழமைடி."

வெள்ளைத் துணிகூட வாங்கி வைத்திருந்தாள். ஞாயிறுகள் வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் யாரோ ஒருவருடைய பச்சைத் துப்பட்டாவுக்கும் நீலப் பனியனுக்கும் போய்ச் சேர்ந்தது. மகள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அதை ஊசி நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், நிலைமை புரிகிறது என்று நினைத்தாள்.

வேலையில் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். எந்தத் துணி வந்தாலும் முதலில் துவைப்பது. துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டபிறகுதான் கத்தரி வைப்பாள். பழைய துணியில் வியர்வையும் எண்ணெயும் இருந்தால் பஞ்சு சீக்கிரம் கெட்டுப்போகும். அந்த முறைக்கு விலக்காக ஒரே ஒரு துணிதான் வந்தது.

அதை அனுப்பியவர் அனுப்புவதற்கு முன்பே ஃபோனில் கூப்பிட்டார். மெதுவான குரல். மருந்துக்கடையில் வேலை செய்வதாகச் சொன்னார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். நீங்க துணியைத் துவைச்சுட்டுத்தான் தைப்பீங்களாமே?"

"ஆமாங்க."

"இதைத் துவைக்காதீங்க. எம் பையன் ஸ்கூல் சட்டை. காலைல போட்டுக்கிட்டுப் போனான். மதியம் காய்ச்சல்னு கூட்டிட்டு வந்து கழட்டினேன். அதுக்கப்புறம் அவனுக்கு எந்தச் சட்டையும் தேவைப்படல." கொஞ்சம் நிறுத்தினார். "மத்ததெல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சுட்டேன், புத்தி இல்லாம. இது ஒண்ணுலதான் அவன் வாசனை இருக்கு."

"துவைக்க மாட்டேங்க்கா. நீங்க நம்பி அனுப்புங்க."

சட்டை வந்தது. புதுக்கருக்கு மாறாத வெள்ளைச் சட்டை, மெல்லிய தாளில் சுற்றி, கண்ணாடி போன்ற கவரில். மடிப்புகூடக் கலையவில்லை. ஊசி அதைப் பிரிக்கவில்லை. மற்றத் துணிகளோடு கிடந்தால் தவறிப்போய் வாளியில் விழுந்துவிடும் என்று பயந்தாள். முன்னறையில் பத்திரமான இடம் என்று ஒன்று இல்லை. எனவே மகளின் துணி அலமாரியில், மேல்தட்டில், தனியாக வைத்தாள். 'வெள்ளைச் சட்டையம்மா' என்று வீட்டில் பெயரும் வைத்தாகிவிட்டது. ஆனால் அதை மட்டும் தைக்க உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு காலை. மெஷினில் ஒரு முயலின் முதுகுத் தையல் ஓடிக்கொண்டிருந்தது. காதோரம் ஃபோனை இடுக்கிக்கொண்டு பச்சைத் துப்பட்டாவிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் அதிகாலையிலேயே எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். குளியலறை வாளியில் மகளின் பள்ளிச் சட்டை ஊறியபடி கிடந்தது. முந்தைய நாள் துவைக்கும் மெஷின் முழுக்க வாடிக்கையாளர் துணி.

"மா, சட்டை ஈரமா இருக்கு!"

"அலமாரியில பாரு, இன்னொண்ணு இருக்கும்" என்றாள் ஊசி, திரும்பாமல்.

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். அதன்பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. தையல் கோணியது.

"தேங்க்ஸ்மா!"

"ம்ம், ம்ம். வேன் வந்துடும், ஓடு" என்றாள். ஃபோனில், "இல்லைங்க, உங்களைச் சொல்லல" என்றாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். ஊசி அப்போது தரையில் உட்கார்ந்து ஒரு கரடிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பையை இறக்கிவிட்டு எதிரே நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். அது சரியாக வரவில்லை. விரல்கள் தடுமாறின.

"மா, பொத்தானை ஏன் இந்தப் பக்கம் வெச்சே? காலைலயும் போட முடியல. பசங்க சட்டை மாதிரி இருக்குன்னு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. நான் சொன்னேன், எங்கம்மா தச்சது, இதுதான் இப்ப மாடல்னு."

ஊசி நிமிர்ந்து பார்த்தாள். பெண் பிள்ளைச் சட்டைக்குப் பொத்தான் இடப்பக்கம் வரும், ஆண் பிள்ளைச் சட்டைக்கு வலப்பக்கம். எத்தனையோ சட்டைகளை வெட்டிப் பார்த்த கண் அது. மகளின் வலப்பக்கம் பொத்தான் வரிசையாக இறங்கியிருந்தது.

"இதை எங்கேருந்து எடுத்தே?"

"அலமாரில. மேல் தட்டுல கவர்ல போட்டு வெச்சிருந்தியே." மகள் சிரித்தாள். "எனக்குத் தெரியாம தச்சு ஒளிச்சு வெச்சிருந்தே, இல்ல? நான் கண்டுபிடிச்சுட்டேன். இன்னிக்கு நாலஞ்சு தடவை கை தூக்கினேன் தெரியுமா? பதில் தெரியாததுக்குக்கூடத் தூக்கினேன்."

ஊசியின் விரலில் ஊசி இறங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"கழட்டு" என்றாள். குரல் வெளியே வந்தபோது அது அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. "கழட்டுடி அதை!"

மகள் பயந்துபோய்க் கழற்றிக் கொடுத்தாள். பனியனோடு நின்றாள். ஏன் திட்டு விழுந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. "அழுக்காக்கலமா" என்றாள். "புதுசுன்னு தரையிலகூட உக்காரல. பாக்கெட்ல பென்சில்கூட வெக்கல."

ஊசி சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். கழுத்துப் பட்டையில் வியர்வை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், வேனின் புழுதி, ஒட்டியிருந்த சாக்கட்டித் தூள். கண்ணைக் கட்டிவிட்டு நூறு பிள்ளைகளை நிறுத்தினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அது அவள் மகளின் வாசனை. அதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

கணவர் வந்தபோது மகள் அழுது முடித்து உள்ளே படுத்திருந்தாள். ஊசி நடந்ததைச் சொன்னாள். அவர் சட்டையைத் தொடவில்லை. கை கிரீஸாக இருந்தது.

"பேசாம தச்சு அனுப்பிடு" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"ஏமாத்தச் சொல்லல. அந்தம்மா மனசு பாவம். இதைச் சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது? இருக்கிறதும் போகும். துவைக்காத சட்டைதானே கேட்டாங்க? துவைக்கலையே."

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. அதுதான் அவளைக் கத்தரியைக் கையில் எடுக்க வைத்தது. சட்டையை மேசைமேல் விரித்தாள். கண் இல்லாத கரடிகளை ஓரம் தள்ளினாள். தோள் தையலில் கத்தரி முனையை வைத்தாள். அந்தம்மா பொம்மையைக் கட்டிக்கொள்ளும்போது என்ன நடக்கும்? ஒருவேளை முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தெரியாமல் போனால்? யாரோ பெற்ற பிள்ளையின் வாசனையைத் தன் மகனுடையது என்று நம்பி, ஒரு தாய் அதில் முகம் புதைத்துக்கொண்டு கிடப்பாள். கொஞ்ச நாளில் இதுதான் அவன் வாசனை என்று மனதுக்குள் பதிந்துவிடும். உண்மையான வாசனை நினைவில்கூட மிஞ்சாது.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால முடியாதுங்க. அந்தப் பையனை அவங்ககிட்டேருந்து நான் ரெண்டாவது தடவை பறிச்ச மாதிரி ஆயிடும்."

அவர் வாளியில் இன்னும் ஊறிக்கொண்டிருந்த மகளின் பழைய சட்டையை எடுத்து, அலசி, பிழிந்து, பால்கனியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மகள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். கை இழுத்துப் பிடித்தது. வேன் போனதும் ஊசி ஃபோனை எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா. தச்சாச்சா?"

"இல்லைங்க்கா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"துவைச்சுட்டீங்களா?"

"துவைக்கல. என் பொண்ணு தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. ஒரு நாள் முழுக்க. தப்பு அவளுது இல்ல, என்னுது. அவளுக்குத் தச்சுத் தரேன்னு சொல்லிச் சொல்லி..."

அந்தப் பக்கம் மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. தூரத்தில் யாரோ மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?" என்றார் அந்தம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்கென்ன தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்க்கா."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஊசி மெஷின்முன் உட்கார்ந்தாள், எழுந்தாள். தைத்தது கோணியது, பிரித்தாள். அந்தம்மா ஊரெல்லாம் எழுதுவார், கடை ஒரே நாளில் மூடிப்போகும் என்று கணவர் உள்ளூரப் பயந்தார், வெளியே சொல்லவில்லை. அந்தம்மா எங்கும் எதுவும் எழுதவில்லை. ஒரு மதியம் சின்னதாக ஒரு செய்தி வந்தது. பொம்மை வேண்டாம். சட்டையைத் திருப்பி அனுப்பவும்.

கூரியர்க்காரத் தம்பி வழக்கம்போலப் பார்சல்களை அள்ளும்போது ஊசி அந்தக் கவரை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது போகலையாக்கா?"

"இதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"ஏன்க்கா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"உம்மேல இருக்குப்பா. எம்மேலதான் இல்ல."

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னாள். அது யாருடைய சட்டை, ஏன் துவைக்கவில்லை என்று. மகள் நடுவில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாள். அவளுக்கு அது வழக்கமில்லை.

"அவன் எந்த கிளாஸ்?" என்றாள் கடைசியில்.

"உன்னோட கிளாஸ்தான் இருக்கும்."

"அவன் அம்மா என்னைத் திட்டினாங்களா?"

"இல்லடா."

மகள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கை தூக்கினேன்னு சொல்லு" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று ஊசிக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் மகளை வேன் ஏற்றிவிட்டு ஊசி பஸ் ஏறினாள். கவரை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண், "யாருக்கு, பையனுக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் கடைசி வீடு. வாசலில் ஒரு சின்ன சைக்கிள், இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. அந்தம்மா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணாடி போட்ட முகம். ஊசி எதிர்பார்த்ததைவிட இளையவர். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஊசி கவரை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அந்தம்மா சட்டையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கழுத்துப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் அப்படியே இருந்தார். ஊசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸில் ஒரு கிரேயான் கோடு, யாரோ தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"அவன் இல்ல" என்றார் அந்தம்மா.

ஊசி எழுந்து நின்றாள். மன்னிப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது. அந்த வீட்டில் அது மிகச் சின்னச் சொல்லாக இருந்தது.

"உக்காருங்க" என்றார் அந்தம்மா. "உங்க பொண்ணு இதைப் போட்டுக்கிட்டு என்ன பண்ணுச்சு?"

"ஸ்கூல்ல கை தூக்கினாளாம். பதில் தெரியாததுக்குக்கூட." அவள் பழைய சட்டை சின்னதாகிப்போனதையும், இதை அம்மா தைத்து ஒளித்துவைத்த புதுச் சட்டை என்று நினைத்துக்கொண்டதையும் ஊசி சொன்னாள். அந்தம்மா கேட்டுக்கொண்டே மடியில் இருந்த சட்டையை நீவினார். மடிப்புகளைக் கை தானாகவே தேடியது. சட்டைப் பையின்மேல் வந்ததும் நின்றது.

"இதுல என்ன வெச்சுக்கிட்டா?"

"எதுவும் வெக்கலைங்க. புதுசு வீணாயிடும்னு பென்சில்கூட வெக்கல. எப்பவும் அவ பாக்கெட்டு குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும். அன்னிக்கு மட்டும்..."

அந்தம்மாவின் விரல் பையின் கீழ்மூலையை இரண்டு பக்கமும் பிடித்து உருட்டியது. மறுபடியும் உருட்டியது.

"இங்க என்னமோ இருக்கு."

ஊசி தொட்டுப் பார்த்தாள். மூலைத் தையலின் உள்மடிப்புக்குள் மணலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ மாட்டியிருந்தது. சட்டைப் பை வெளியே திருப்ப முடியாதபடி தைத்தது. உள்ளே விரலை விட்டாலும் அந்த இடம் எட்டாது. அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியை எடுத்தாள். பிரிக்கட்டுமா என்று கேட்பதற்குமுன் அந்தம்மா தலையசைத்துவிட்டார். நாலு தையலை மட்டும் வெட்டினாள். மூலை திறந்தது. அந்தம்மா விரித்துப் பிடித்த உள்ளங்கையில் சாம்பல் நிறப் பிசிறும், கொஞ்சம் கருப்புத் தூளும், விசிறிபோலச் சுருண்ட ஒரு பென்சில் சீவலும் விழுந்தன. சீவலின் ஓரத்தில் சிவப்பு வண்ணம் மெல்லிய இழையாக இருந்தது.

அந்தம்மா அதையே பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். கேட்க ஆள் கிடைத்தவர்போல் அல்ல, யாரையோ நேரில் கண்டிப்பதுபோல்.

"கீழ போட்டா டீச்சர் திட்டுவாங்களாம். அதனால பாக்கெட்லயே சீவிப் போட்டுக்குவான். துவைக்கும்போது எல்லாத் துணியிலயும் ஒட்டும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அன்னிக்குக் காலைலகூடச் சொன்னேன், இனிமே பாக்கெட்ல சீவினே, பென்சிலே வாங்கித் தரமாட்டேன்னு." குரல் அங்கே உடைந்தது. "போய் அங்கயும் சீவியிருக்கான் பாருங்க, சொன்ன பேச்சைக் கேக்காம."

ஊசி "அப்புறம்?" என்றாள். அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

அந்தம்மா சொன்னார். சைக்கிளில் விழுந்தது, தூக்கத்தில் வாய்ப்பாடு சொன்னது, கிரேயான் கோடு. மருந்துக்கடைக்குத் திரும்பிப் போகவேண்டிய நேரம் கடந்துவிட்டது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் கையை நீட்டினார். "இதை மறுபடியும் உள்ள போட்டுத் தச்சுத் தர்றீங்களா?"

"பொம்மையா?"

"பொம்மை வேண்டாம். இது சட்டையாவே இருக்கட்டும்."

ஊசி வெள்ளை நூலைக் கோத்தாள். பிசிறையும் தூளையும் சீவலையும் ஒன்றுகூடச் சிந்தாமல் மூலைக்குள் இறக்கினாள். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு நாலு தையல் போட்டாள். பிரித்த இடம் தெரியவில்லை. அந்தம்மா சட்டையை வாங்கி மடித்தார், வந்தபோது இருந்த அதே மடிப்பில்.

வாசல்வரை வந்தார். "வாசனை போச்சு" என்றார். "அதை நான் மறக்கமாட்டேன்."

"தெரியும்க்கா."

"நீங்க சொன்னதையும்" என்றார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

பஸ் திரும்பி வந்து நின்றபோது பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஊசி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினாள். மகளும் பின்னாலேயே ஏறி வந்தாள். முன்னறையில் பஞ்சு மூட்டைகளை நகர்த்தி, பார்சல்களுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, மெஷினின் உறையை உருவினாள். உதறினாள். பிறகு உறையைப் போடாமல் நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தாள்.

"வா, அளவு எடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னே?"

"இன்னிக்கு."

மகள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஊசி டேப்பைத் தோளில் வைத்து மணிக்கட்டுவரை இழுத்தாள். அவள் மனதில் இருந்த அளவு மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றுபோனது. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். ஊரார் துணியையெல்லாம் கண்ணாலேயே அளப்பவள் அவள். மகள் இத்தனை வளர்ந்தது அவளுக்குத் தெரியாமலே நடந்திருந்தது.

மேசையில் ஃபோன் 'டிங்' என்றது. மகளின் கண் அந்தப் பக்கம் போய் அம்மாவிடம் திரும்பியது. ஊசி மார்புச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சை அடக்காதே. சாதாரணமா நில்லு."

"நான் கை தூக்கினதைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

ஊசி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் நடந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, சாக்கட்டியால் துணியில் முதல் கோட்டை இழுத்தபடி, பென்சில் சீவலிலிருந்து தொடங்கினாள். மகள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒருமுறை "அப்புறம்?" என்றாள்.

சொல்லி முடித்ததும் மகள் எழுந்து பழைய சட்டையின் பையில் கைவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள்.

"மா, புதுச் சட்டைக்குப் பாக்கெட் கொஞ்சம் ஆழமா வை."

"ஆகட்டும்" என்றாள் ஊசி. பாக்கெட்டுக்குப் போட்டிருந்த கோட்டைக் கையால் அழித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டாள்.